ஒரு முடிகூட மிதக்கக் கூடாது

மே 6, திங்கள்

வலது கண்ணில் புரை எடுத்து வீட்டுக்கு வந்தாயிற்று. அடுத்த சோதனை வரைக்கும் தலைக்குத் தண்ணீர் விடக் கூடாது, குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னாள். அரிசி ஆலையில் மூட்டை சுமந்த கழுத்து இது, பாரத்தை விட்டு வருசக்கணக்காயிற்று என்றேன். "அப்ப ரொம்ப நல்லது, இனியும் தூக்காதீங்க தாத்தா" என்றாள்.

சொட்டு மருந்து விட்ட நேரத்தைக் குறிக்க, உரக்கடையில் கொடுத்த டைரியை மருமகள் ஜெபக்கனி எடுத்து வைத்திருக்கிறாள். மருந்துக்கு ஒரு வரி போனால் மீதித் தாள் சும்மா கிடக்கிறது. எனக்கு எழுத்து தெரியாது, கைநாட்டு. ஆனால் ஒருவர் சொன்னதை ஒரு தடவை கேட்டால் போதும், சொல் மாறாமல் திருப்பிச் சொல்வேன். அதனால்தான் இந்த வீட்டில் ஒருவருக்கும் என்னோடு பேசப் பிடிப்பதில்லை. "மீதித் தாளில் நான் சொல்வதை எழுது" என்றேன். எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரி எழுதமாட்டாளாம்; கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கினவளாம். சரி, என் பேச்சைத் திருத்திக்கொள், மற்றவர்கள் பேசினதில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன்.

மே 8, புதன்

மருந்து விட்டாயிற்று. கரண்ட் இல்லை. விசிறி இல்லை. தலை அரிக்கிறது.

மே 12, ஞாயிறு

ஆராதனை முடிந்து பாஸ்டர் கிளாட்சன் வீட்டுக்கு வந்தார். என் மகன் பொன்சிங்கும் ஜெபக்கனியும் போகிற முழுக்குச் சபையின் பாஸ்டர். சின்ன வயசு, நல்ல குரல், எல்லாவற்றுக்கும் வசனம் வைத்திருப்பார்.

நான் அந்தச் சபை இல்லை. பழைய மிஷன் கோயிலான தாய்ச்சபை. கைக்குழந்தையாக இருந்தபோது தலையில் தண்ணீர் வைத்து ஞானஸ்நானம் பெற்றவன். அது ஞானஸ்நானமே இல்லை, விவரம் தெரிந்த பிறகு முழுசாக முங்கி எழுந்தால்தான் செல்லும் என்பது இவர்கள் கட்சி. எங்கள் ஊரில் இந்தச் சண்டை இல்லாத வீடு கிடையாது.

என் வீட்டுக்காரி நேசம்மாள் கடைசிக் காலத்தில் அந்தப் பக்கம் போனாள். பெரிய கால்வாயில் முழுக்கு எடுத்தாள். அவளுடைய துண்டையும் மாற்றுச் சேலையையும் பிடித்துக்கொண்டு கரையில் நின்றவன் நான்தான். போன மார்கழியில் செத்துப்போனாள். இரண்டாம் முழுக்கு எடுத்தவளுக்குத் தாய்ச்சபைக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது என்றுவிட்டார்கள். கால்வாயின் அந்தக் கரையில் முழுக்குச் சபைக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அங்கே கிடக்கிறாள். அவள் பக்கத்தில் ஓர் இடம் காலி. அடுத்து யார் செத்தாலும் அங்கேதான் வெட்டுவார்கள். புருசனுக்கென்று ஒதுக்கி வைக்கலாம். ஆனால் அந்தப் புருசன் முழுக்கு எடுத்த சபை ஆளாக இருக்க வேண்டும். ஜூன் கடைசி ஞாயிற்றுக்கிழமை சபைக் கூட்டத்தில் முடிவு செய்கிறார்களாம்.

எனக்கு அதில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. செத்த பிறகு எந்த மண்ணாக இருந்தால் என்ன? பொன்சிங்தான் குதிக்கிறான்.

பாஸ்டர் எருசலேமுக்குப் போய் வந்திருக்கிறார். கண் கட்டு அவிழ்த்து ஒரு வாரம் ஆகாதவனிடம் போனை நீட்டிப் படம் காட்டினார். இடது கண்ணால் பார்த்தேன். பாறையில் வெட்டின குழி. உள்ளே படி இறங்குகிறது.

"பாட்டையா, இது யூதங்க முங்குத குளம். ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தினது. தேவாலயத்துக்குள்ள போவணும்னா இதுல முழுசா முங்கிட்டுத்தான் போவணும். நெத்தியில தெளிக்கதுக்கா இத்தனை படி வெட்டுனான்?"

படிகளின் நடுவே வரப்பு மாதிரி ஒரு மேடு ஓடியது. அது என்ன என்று கேட்டேன்.

"ஒரு பக்கமா தீட்டோட இறங்குவாங்க. மறுபக்கமா சுத்தமா ஏறுவாங்க. இறங்கின படியில திரும்ப ஏறக் கூடாதுன்னுதான் நடுவுல மேடு."

தீட்டு என்றதும் எனக்குச் சுருக்கென்றது. "அங்கயும் உண்டா அந்தப் பீடை? யாருக்குத் தீட்டு?"

"எல்லாருக்கும். பிரேதத்தத் தொட்டவனுக்கு, மாசவிலக்குல இருந்தவளுக்கு, பிள்ள பெத்தவளுக்கு. பிரதான ஆசாரியனே பாவநிவிர்த்தி நாளன்னைக்கு ஒரே நாளைக்குள்ள அஞ்சு தடவ முங்குவான். முங்கினா தீந்துது. பொறவு திரும்பத் தீட்டு வந்தா திரும்ப முங்குவாங்க."

எல்லாருக்கும் வரும், எல்லாருக்கும் போகும். இதை நான் மனசில் வைத்துக்கொண்டேன். இங்கே எங்கள் ஆட்களுக்குப் பிறக்கும்போதே ஒட்டினது, எந்தத் தண்ணீரிலும் போகாதது என்றல்லவா சொன்னார்கள். அதோடு, அந்தத் தண்ணீரையும் தொடவிடவில்லை.

"யாரு புடிச்சு முக்குவா? உங்கள மாதிரி பாஸ்டரா?"

பாஸ்டர் சிரித்தார். "யாரும் முக்க மாட்டாங்க. அவங்களேதான் முங்கணும். ஒரு ஆள் கரையில நின்னு பாக்கும், அவ்வளவுதான். மோதிரம், கட்டு, ஒண்ணும் உடம்புல இருக்கக் கூடாது. ஒரு முடி மேல மிதந்தாக்கூட செல்லாது, திரும்ப முங்குன்னு சொல்லிருவாங்க. குடத்துல மொண்டு ஊத்துன தண்ணி ஆகாது. மழையோ, ஊத்தோ, ஆறோ, தானா வந்து சேந்த தண்ணியா இருக்கணும். இயேசுவுக்கு ஞானஸ்நானம் குடுத்த யோவான்ஸ்நானன் ஆசாரியன் வீட்டுப் பிள்ள. இதையெல்லாம் பாத்து வளந்தவரு. நம்ம ஞானஸ்நானத்துக்கு வேர் அங்கதான் கெடக்கு."

தெளிப்பு தப்பு என்று என்னை நம்பவைக்கத்தான் இத்தனையும் சொன்னார். கேட்டுக்கொண்டேன். கேட்டது எங்கே போய்விடப் போகிறது?

மே 15, புதன்

பொன்சிங் தேதி வைத்துவிட்டான். ஜூன் 9, பெந்தெகொஸ்தே ஞாயிறு. கால்வாயில் தண்ணீர் இல்லை என்பதால் சபைக்குப் பின்னால் இருக்கிற சிமெண்டுத் தொட்டியில். என்னைக் கேட்டானா? "கேட்டா நீங்க பதில் சொல்லுதிய? கேள்விதான கேக்கிய?" என்கிறான்.

முங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தண்ணீர்தானே, கடிக்கவா போகிறது. நேசம்மாள் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள். "நான் ஏற்கெனவே நனஞ்சவன்ட்டி" என்பேன். "அப்ப இன்னொரு தடவ நனஞ்சா கரஞ்சா போயிருவிய?" என்பாள்.

மே 22, புதன்

கால்வாயைப் பார்க்கப் போனேன். உள்ளே ஆடு மேய்கிறது. மதுபாட்டில், செருப்பு, ஒரு பழைய மெத்தை. அணையில் தண்ணீர் இல்லையாம். கால்வாய்க்குள் இறங்கி நடந்தே அந்தக் கரைக்கு ஏறினேன். அங்கே ஒரு வேப்பமரம் நிற்கிறது, நிழலுக்காகக் கொஞ்சம் உட்கார்ந்தேன்.

திரும்பி வந்தால் ஜெபக்கனி கத்துகிறாள். "குனியக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்லா மாமா? காலைல போனவிய மத்தியானம் வாரிய. எருக்கஞ்செடி புடுங்குனியளா?" என் கையில் எருக்கம்பால் ஒட்டியிருந்திருக்கிறது. முழங்காலில் மண். மேட்டில் செடி முளைத்தால் பிடுங்காமல் பார்த்துக்கொண்டா இருக்க முடியும்?

ஜூன் 1, சனி

கார் நெல் சாகுபடிக்கு இன்று அணை திறப்பார்கள் என்றார்கள். திறக்கவில்லை.

ஜூன் 5, புதன்

பொன்சிங் டவுனுக்குப் போய் ஒரு நீச்சல் கண்ணாடி வாங்கி வந்திருக்கிறான். பச்சை ரப்பர். ஞானஸ்நானத்தின்போது கண்ணில் தண்ணீர் படக் கூடாதாம், டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டானாம். மாட்டிப் பார்க்கச் சொன்னான். மாட்டினேன். ஜெபக்கனி அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். சிரிக்கத்தான் ஓடினாள், எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ஜூன் 9, ஞாயிறு

இன்று நடந்ததைச் சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. இருந்தாலும் எழுது.

தொட்டிக்குத் தண்ணீர் லாரியில் வந்தது. ரப்பர் குழாய் நாற்றம் போகவில்லை. எனக்கு முன்னால், இந்தச் சபையிலேயே பிறந்து தெளிப்பு வாங்காத இரண்டு பெண்பிள்ளைகள் முங்கி எழுந்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பச்சைக் கண்ணாடி. பிள்ளைகள் எல்லாம் என்னைப் பார்க்க முன்னால் வந்து நின்றன. படி இறங்கினேன். பாஸ்டர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்.

"உடம்புல ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னிய" என்று கண்ணாடியைத் தொட்டுக் காட்டினேன். "தண்ணியும் லாரித் தண்ணி. தானா வந்து சேந்ததுல்ல, டிரைவர் கொண்டுவந்து சேத்தது."

"பாட்டையா, அது யூதங்க முறை. நமக்கு அந்தச் சட்டம் இல்ல" என்று காதோடு சொன்னார்.

"வேர் அங்கதான் கெடக்குன்னிய."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பாஸ்டருக்கு முகம் சிவந்தது. "பொறவு பேசுவோம்" என்று என் தலையில் கையை வைத்தார். பிறகு சபைக் குரலில் கேட்டார்: "குழந்தைப் பருவத்தில் உமக்குச் செய்யப்பட்டது ஞானஸ்நானம் அல்ல, அது வெறும் தண்ணீர் என்று இந்தச் சபைக்கு முன்பாக அறிக்கை செய்கிறீரா?"

இப்படி ஒன்று கேட்பார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை; நேசம்மாளிடம் கேட்டிருந்தாலும் கால்வாய்த் தண்ணீர்ச் சத்தத்தில் கரையில் நின்ற எனக்குக் கேட்டிருக்காது. ஆமாம் என்று சொல்லும்படி பொன்சிங் தலையை ஆட்டி ஆட்டிக் காட்டுகிறான்.

"அத நான் எப்படிச் சொல்லுவேன்?" என்றேன். "அன்னைக்கு அங்க எங்கம்மா இருந்தா. நீங்க இல்ல."

"பாட்டையா, சும்மா ஒரு வார்த்தைதான்."

"சும்மா ஒரு வார்த்தைன்னா நீங்க கேக்காம விட்டுருங்க. முக்கணும்னா முக்குங்க, நான் வேண்டாங்கல. வெறுந்தண்ணின்னு சொல்லமாட்டேன்."

என் தலைமேல் இருந்த கையை எடுத்துவிட்டார். கோபமாக எடுக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "அப்படி முக்க எனக்கு உரிமை இல்ல பாட்டையா" என்றார்.

இறங்கின படியிலேயே ஏறி வந்தேன். இடுப்புக்குக் கீழே நனைந்திருந்தது. தலை காய்ந்திருந்தது.

ஜூன் 10, திங்கள்

பொன்சிங் பேசவில்லை. மருந்து விட்டாயிற்று.

ஜூன் 11, செவ்வாய்

இன்று பேசினான். பேசாமலே இருந்திருக்கலாம். "ஊரு பூரா சிரிக்கி. உங்களுக்கு அம்மா பக்கத்துல படுக்க இஷ்டமில்லன்னா நேரடியாச் சொல்லிரலாம்லா? எதுக்கு இந்த நாடகம்?" என்றான். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். குழம்பில் உப்பு இல்லை.

ஜெபக்கனி டைரியை எடுத்து வந்து உட்கார்ந்து, "அப்படி என்னதான் மாமா அந்தத் தண்ணி?" என்று கேட்டாள். இத்தனை வருசத்தில் யாரும் கேட்டதில்லை. சொன்னேன்.

எனக்கு முந்திப் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் என் அம்மாவுக்குத் தங்கவில்லை. அந்தக் காலத்தில் ஊர்க் கிணற்றில் எங்கள் ஆட்கள் வாளி விடக் கூடாது. பானையைக் கிணற்றடியில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். மனசு வந்தவர்கள் எட்ட நின்று ஊற்றுவார்கள். பானையில் பாதி, மண்ணில் பாதி. மனசு வராவிட்டால் பொழுது சாயும்வரை நிற்க வேண்டும். அம்மாவோடு நானும் நின்றிருக்கிறேன், ஊற்றினவர்களின் பேரெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஊற்றாதவர்களின் பேரும்.

நான் பிறந்ததும் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு மிஷன் கோயிலுக்கு நடந்தாள். தாய்ச்சபைக் குருவானவரை எங்கள் பக்கம் ஐயர் என்போம். அந்த ஐயர் கையை நீட்டி என்னை வாங்கிக்கொண்டார். வாங்கினாரே என்று அம்மாவுக்கு மலைப்பு. கிண்ணத்துத் தண்ணீரில் கையை விட்டு, அந்த ஈரக் கையை என் தலைமேல் வைத்தார். எட்ட நின்று ஊற்றவில்லை. வைத்தார். மாசிலாமணி என்று பேர் சொன்னார். "எம்பிள்ளையில மாசு இல்லன்னு தண்ணிய வச்சுச் சொன்னாருடே" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் மட்டும் எனக்கு வேறு பேர்.

கையளவுத் தண்ணீர்தான். மொண்டு வைத்த தண்ணீர்தான். எத்தனையோ முடி நனையாமல்தான் இருந்திருக்கும். அதை வெறும் தண்ணீர் என்று என் வாயால் சொல்லிவிட்டு எந்த மண்ணில் போய்ப் படுத்தாலும் எனக்குத் தூக்கம் வராது.

பேனா ஓடுகிற சத்தம் நின்றுவிட்டது. "எழுதுதியா?" என்று கேட்டேன். "எழுதுதேன் மாமா" என்றாள்.

ஜூன் 14, வெள்ளி

பாஸ்டர் வந்தார். சண்டை போட வரவில்லை என்று முதலிலேயே சொன்னார். ஆனாலும் போட்டோம்.

"அந்த ஆசாரியன் அஞ்சு தடவ முங்குனான்னிய. அஞ்சாவது தடவ இறங்கும்போது, முந்தின நாலும் வெறுந்தண்ணின்னு சொல்லிட்டா இறங்குனான்?" என்று கேட்டேன்.

"இல்ல."

"மாசாமாசம் முங்குனவ போன மாசம் முங்குனது பொய்யின்னா சொன்னா?"

"இல்ல பாட்டையா. ஆனா நீங்க ஒண்ண விட்டுட்டிய. வேற சனத்துல இருந்து யூதனா மாறி வாறவன் அதுக்குன்னு ஒரே ஒரு தடவ முங்குவான். சாட்சிக்கு மூணு பேரு நிப்பாங்க. எழுந்தா அன்னைக்குப் பிறந்த பிள்ள மாதிரி. ஞானஸ்நானம் அந்த முழுக்கு மாதிரி. ஒருக்காத்தான். ரெண்டு தடவ ஒருத்தன் பிறக்க முடியுமா? அதான் முந்தினது என்னன்னு கேக்க வேண்டியிருக்கு."

நல்ல பதிலாகத்தான் இருந்தது. எரிச்சலாக வந்தது.

"சரி, மாறி வாறவன்னே வச்சுக்கிடுங்க" என்றேன்.

"நீங்க மாறி வரலியே." காபித் தம்ளரைக் கீழே வைத்தார். "தப்பா நெனைக்காதிய. நீங்க கர்த்தருக்காக வரல. நேசம்மாப் பாட்டிக்காக வாரிய. தொட்டியில உங்க தலையில கை வச்சப்பவே எனக்குத் தெரியும்."

காபியில் சீனி இல்லை என்று ஜெபக்கனியைச் சத்தம் போட்டேன். போட்டிருந்தாளாம்.

பாஸ்டர் ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். அவர் சொன்னது சரியில்லை என்று எழுதிவை.

ஜூன் 16, ஞாயிறு

எல்லாரும் ஆராதனைக்குப் போய்விட்டார்கள். தாய்ச்சபைக்குப் போகலாம் என்று கிளம்பிப் பாதித் தெருவில் திரும்பி வந்துவிட்டேன். அவளுக்கு இடம் இல்லை என்று சொன்ன கேட் அங்கேதான் இருக்கிறது. கால்வாயில் இன்னும் ஆடுதான் மேய்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

மருந்து விடும்போது ஜெபக்கனி தானாக ஒன்று சொன்னாள். அவளும் குழந்தையில் தெளிப்பு வாங்கினவள். கல்யாணத்துக்கு முந்தி பொன்சிங் போகிற சபை என்பதற்காக அதே தொட்டியில் இறங்கியிருக்கிறாள். அவளிடமும் அதே கேள்வி.

"நான் ஆமான்னு சொல்லிட்டேன் மாமா. எங்கம்மா ரெண்டாவது வரிசையில இருந்தா. நான் துடச்சிட்டு வாறதுக்குள்ள எழுந்து போயிட்டா. சாப்பாட்டுக்கும் நிக்கல. இன்னைக்கு வரைக்கும் என்கூடப் பேச்சு இல்ல, அதப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா நல்லாருக்கும்."

சொட்டு கன்னத்தில் விழுந்தது. மருந்தை வீணாக்கினாள். நான் திட்டவில்லை.

"இத எழுதவா?" என்றாள். உன் கதை, உன் இஷ்டம் என்றேன். எழுதினாளா இல்லையா, எனக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 21, வெள்ளி

பாஸ்டர் மறுபடியும். இந்தத் தடவை கையில் வேதப்புத்தகம் இல்லை. வாசலிலேயே நின்றுகொண்டு, "எந்தக் கிணறு பாட்டையா?" என்று கேட்டார்.

ஜெபக்கனியைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

பஞ்சாயத்து மோட்டார் அறைக்குப் பக்கத்தில், இரும்பு மூடி போட்டுக் கிடக்கிறதே, அதுதான் என்றேன்.

"எங்கப்பாவும் அந்தக் கிணத்தடியில பானை வச்சவருதான் போல. எனக்குத் தெரியாது. நேத்துப் போன்ல கேட்டேன். 'அத எதுக்கு இப்பக் கேக்க?'ன்னு வச்சிட்டாரு." உட்கார்ந்தார். "உங்களுக்கு எங்கப்பாவ ஞாபகம் இருக்கா?"

"ஒல்லிக் குச்சியா இருப்பான். ஒரு மண்கலயம், வாயி ஒடஞ்சது. அதத் தலையில வச்சுக்கிட்டு ஒத்தக் காலுல நிப்பான். கொக்குன்னு கூப்பிடுவோம்."

பாஸ்டர் சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குக் கண்ணில் மருந்து விட்ட நேரம், சரியாகப் பார்க்கவில்லை.

"ஆனா பாட்டையா, சபைச் சட்டம் நான் எழுதினது இல்ல. அந்தக் கேள்வியக் கேக்காம உங்கள முக்க எனக்கு அதிகாரம் கெடையாது. சபை நடத்துத மூப்பருங்க விடமாட்டாங்க."

"நீங்க முக்க வேண்டாம்."

"பொறவு?"

"கரையில நில்லுங்க. பாருங்க. நீங்க காட்டுன படத்துல அவ்வளவுதான வேலை?"

"பாத்துட்டுக் கூட்டத்துல நான் என்னன்னு சொல்ல?"

"பாத்தத சொல்லுங்க. பாக்காதத சொல்லாதிய."

வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. காபியைக் குடித்துவிட்டுப் போனார். இதுவும் ஒரு எரிச்சல்.

ஜூன் 25, செவ்வாய்

அணை திறந்துவிட்டார்கள். மதியம் தண்ணீர் எங்கள் ஊர் எல்லைக்கு வந்தது. முதல் தண்ணீர் கறுப்பாக வருகிறது. ஆட்டுப் புழுக்கை, பாட்டில், அந்த மெத்தை. ஊரே வேடிக்கை பார்க்கிறது. இரண்டு நாள் ஓடட்டும், தெளியும்.

பொன்சிங்கிடம் சொன்னேன். "ஆத்துத் தண்ணி கண்ணுல பட்டா சீழ் வைக்கும்" என்றான். "அங்க போயி முங்கிட்டா மட்டும் சபையில ஒத்துக்கிடுவாங்களாக்கும்" என்றான். தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விடும் என்றான்.

ஜூன் 27, வியாழன்

காலையில் போனோம். படித்துறையில் தண்ணீர் மார்பளவு. தெளிந்திருந்தது, வேகமும் அதிகமில்லை.

என் விரலில் இருந்த வெள்ளி மோதிரம் கழலவில்லை. நேசம்மாள் கல்யாணத்தன்று போட்டது. எனக்கு விரல் கணு தடித்துவிட்டது. சோப்பைக் குழைத்துப் போட்டு ஜெபக்கனி திருகித் திருகிக் கழற்றினாள். அவளே முந்தானையில் முடிந்துகொண்டாள். மோதிரம் இருந்த இடம் வெள்ளையாக, பிள்ளைத் தோல் மாதிரி இருந்தது. பச்சைக் கண்ணாடியைப் பொன்சிங் நீட்டினான். வேண்டாம் என்றேன். "சாவுங்க" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எனக்குக் கீழ்ப்பக்கம் தண்ணீருக்குள் இறங்கி நின்றான், இழுத்துக்கொண்டு போனால் பிடிக்க. நிற்கிற வரைக்கும் திட்டிக்கொண்டே நின்றான். என் மகன்தானே.

பாஸ்டர் வரவில்லை. கொஞ்சம் பார்த்தேன். வெயில் ஏறியது. சரி, வராதவரை நினைத்துத் தண்ணீர் நிற்கவா போகிறது என்று படியில் காலை வைத்தேன். அப்போதுதான் வண்டிச் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கரைக்கு வந்து நின்றார்.

இறங்கினேன். மூச்சைப் பிடித்து உட்கார்ந்தேன். குளிர்ந்தது. எழுந்தேன்.

பொன்சிங் என் கையைப் பிடிக்க வந்தான்.

"பாட்டையா" என்றார் பாஸ்டர்.

"என்ன?"

"முடி மிதந்துது."

"எந்த முடி? தலையில இருக்கதே நாலு."

"அந்த நாலுந்தான்." செருப்பு வைத்திருந்த கையாலேயே தண்ணீரைக் காட்டினார். "செல்லாது. திரும்ப முங்குங்க."

பொன்சிங் வாயைத் திறந்துகொண்டு அவரைப் பார்த்தான். எனக்கு விளங்கிவிட்டது. சாட்சிக்கு நிற்க வந்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும். வேடிக்கை பார்க்க வந்தவர் சொல்லமாட்டார்.

இந்தத் தடவை முழங்காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தேன். தண்ணீர் தலைக்கு மேலே போனது. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தேன். டாக்டரம்மா மன்னிக்கட்டும். பச்சையாகத் தெரிந்தது, வெளிச்சமாகத் தெரிந்தது. அன்றைக்கு ஐயர் என் தலையில் வைத்த தண்ணீரும் இதுவும் வேறு வேறாக எனக்குத் தெரியவில்லை. மூச்சு முட்டும்வரை இருந்துவிட்டு எழுந்தேன்.

"இப்ப?"

"இப்பச் சரி" என்றார். "ஒரு முடிகூட இல்ல."

ஜெபக்கனி இந்தக் கரையில் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அந்தக் கரைப் பக்கம் திரும்பி நடந்தேன்.

"அங்க எங்க போறிய?" என்று பொன்சிங் கத்தினான்.

"இறங்குன படியில ஏறக் கூடாதுல்லா."

அவன் திட்டிக்கொண்டே பின்னால் வந்து, என் கக்கத்தில் கையைக் கொடுத்து மேலே ஏற்றிவிட்டான். ஜெபக்கனி துண்டோடு பாலத்தைச் சுற்றி வர நேரமாயிற்று. அதுவரைக்கும் ஈரத்தோடு நேசம்மாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வேறு எங்கே உட்கார்வது? வேப்பமரத்து நிழல் அங்கேதான் விழுகிறது.

ஜூன் 30, ஞாயிறு

சபைக் கூட்டம். நான் போகவில்லை. பொன்சிங் வந்து சொன்னான்.

மாசிலாமணி முழுக்கு எடுத்தாரா என்று மூப்பர் கேட்டிருக்கிறார். முழுசாக முங்கி எழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன் என்று பாஸ்டர் சொல்லியிருக்கிறார். யார் கொடுத்தது? அவராகவே முங்கினார். பழையதை மறுத்து அறிக்கை செய்தாரா?

"அத நான் கேக்கல" என்றாராம் பாஸ்டர்.

ஒரே சத்தமாம். பாஸ்டர் வேலைக்கே ஆபத்து என்கிற அளவுக்கு ஒருவர் பேசினாராம். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்து, "என்கிட்டயும் அந்தக் கேள்வியக் கேக்காம இருந்திருந்தா எங்கம்மா இன்னைக்கு என்கூடப் பேசிட்டு இருப்பா" என்றாளாம். யார் அந்தப் பொம்பளை என்று கேட்டேன். பொன்சிங் அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினான். இதை எழுதும்போது அவள் பேனா கொஞ்சம் வேகமாகத்தான் ஓடுகிறது.

அதற்குப் பிறகு, கண்ணால் பார்த்த சாட்சியே போதும் என்று மூப்பர் சொல்லி, இடத்தை ஒதுக்கிவிட்டார்கள். தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று கல் நட்டிருக்கிறதாம். நாளைக்குப் போய் நீளத்தைப் பார்க்க வேண்டும். நான் உயரம், இவர்கள் குறைத்து நட்டிருப்பார்கள்.

ஜூலை 2, செவ்வாய்

கண் சோதனை. டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்தாள். நன்றாக ஆறியிருக்கிறது என்றாள். மோதிரம் திரும்ப ஏறவில்லை, அதற்கு ஏதாவது மருந்து உண்டா என்று கேட்டேன். அது அவள் வேலை இல்லையாம்.

"இத்தனை நாள்ல கண்ணுல தண்ணி பட்டுச்சா தாத்தா?" என்று கேட்டாள்.

பட்டது என்றேன்.